பிரிக்காத ஸ்டிக்கர்

மரக்காணம்
30 ஜூன் 2025

அன்புள்ள மகள் யுவராணிக்கு,

நானும் உன் அம்மாவும் நலம். என் பேன்ட்தான் நலமாக இல்லை. அன்றைக்குப் புவனேஸ்வர் ஸ்டேஷனில் நான் ரயிலேறும்போது, "ஏம்ப்பா இப்படி மானத்த வாங்குறீங்க" என்று கேட்டாயே, நான் கொண்டுவந்த உப்பு மூட்டையைத்தான் சொல்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். இப்போதுதான் விஷயம் புரிந்தது. உன் கம்பெனிக்காரர்கள் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பெரிய பேனர் கட்டியிருக்கிறார்கள். ஒடிசாவில் அவர்கள் ஏற்கெனவே கட்டிய மாதிரிக் காலனியைச் சுற்றிப் பார்க்கப் போனபோது, அதன் வாசலில் நம் ஊர் ஆட்களை எல்லாம் நிற்க வைத்து எடுத்த படம். நட்டநடுவில் உன் அப்பன். வலது காலில் தொடையிலிருந்து கணுக்கால் வரைக்கும் 36, 36, 36 என்று ஒரு ஸ்டிக்கர்.

திண்டிவனத்தில் எடுத்த ரெடிமேட் பேன்ட். அந்தப் பட்டையைப் பிரித்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று வேட்டி கட்டுகிறவனுக்கு எப்படித் தெரியும்? பேனர் பெரிசு, அதனால் நம்பரும் பெரிசு. டீக்கடையில் எனக்கு இப்போது சுப்ராயன் என்ற பெயரே கிடையாது. "ஏம்பா, முப்பத்தாறுக்கு ஒரு டீ போடு" என்கிறார்கள். நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

நீ என் போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். அதனால்தான் கடிதம். பத்தாவது வரை படித்தவன் எழுத்து, பார்த்துப் படித்துக்கொள்.

சொல்ல வந்தது வேறு. வெள்ளிக்கிழமை கூட்டம் நடந்தது. நம் உப்பளத்துக்கு அடியில் உள்ள உப்புத்தண்ணீரில் பேட்டரிக்கு ஆகிற ஏதோ உலோகம் இருக்கிறது, அதை உறிஞ்சி எடுக்க உன் வெளிநாட்டுக் கம்பெனி வருகிறது, அதற்காக நம் தெருவையே கிளப்பிப் புதுக் காலனி கட்டி வைக்கும். இதெல்லாம் ஊரறிந்த கதை. ஒத்துக்கொள்வதா வேண்டாமா என்பதில்தான் இழுபறி. பாதிப் பேர் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். திரௌபதி மட்டும் எழுந்து, "கண்ணால பாக்காததுக்கு நான் கை தூக்க மாட்டேன். சுப்ராயண்ணா, நீ போய்ப் பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன்" என்றேன்.

"நல்லா இருக்குதா?"

அப்புறம் உன் அப்பனைப் பிடிக்க முடியவில்லை. உப்பள மேஸ்திரிக்கு மைக் கிடைத்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா? வீடு, ரோடு, குழாய் எல்லாவற்றையும் சொன்னேன். உப்பைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று நம் பக்கத்து வழக்கம், அதனால் நானே ஒவ்வொரு வீட்டு அடுப்படிக்குள்ளும் போய் அலமாரியில் உப்பு முடிச்சை வைத்துவிட்டு வந்ததைச் சொன்னேன். என்ன சுத்தம் அந்த அடுப்படிகள். சுவரில் ஒரு புகைக்கறை இல்லை. கேஸ் அடுப்பில் கடையில் ஒட்டிய ஸ்டிக்கர்கூட அழுக்காகாமல் அப்படியே இருந்தது. "நம்ம பொம்பளைங்களும் இருக்குறீங்களே" என்று இங்குள்ளவர்களைக் கொஞ்சம் கிண்டலும் பண்ணினேன். அதற்கு உன் அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை.

கடைசியில், பச்சைப் புடவை கட்டிய அம்மா ஒருத்தி வாசலில் நின்று சொன்னாளே, நீ எனக்குத் தமிழில் சொன்னாயே, "தெய்வமே வீட்டுக்கு வந்த மாதிரி இருக்குதாம்ப்பா" என்று, அதைச் சொன்னேன். கைதட்டல். திரௌபதியும் கை தூக்கிவிட்டாள்.

உப்பைக் கையில் கொடுக்காமலே உனக்கும் எனக்கும் சண்டை வந்துவிட்டது பார். கோபம் ஆறியிருந்தால் ஒரு வரி எழுது.

அப்பா

*

புவனேஸ்வர்
8 ஜூலை 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பேனரைப் பற்றிப் படித்துவிட்டு அலுவலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கோபம் ஆறவில்லை. இருந்தாலும் சிரித்தேன்.

ஒன்று கேட்க வேண்டும். அடுப்பில் ஸ்டிக்கர் இருந்ததாக எழுதியிருக்கிறீர்களே, அது நிஜமா? இல்லை, கூட்டத்தில் பேசிய வேகத்தில் வந்ததா? நான் இந்த வேலையில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அந்தக் காலனிக்கு இரண்டு முறைதான் போயிருக்கிறேன். இரண்டு முறையும் பார்வையாளர்களோடு, மேனேஜர் சாருக்குப் பக்கத்தில். எந்த வீட்டுக்குள்ளும் நான் போனதில்லை. நீங்கள் உள்ளே போய் வந்தீர்கள், நான் வாசலில் நின்றேன்.

அந்தக் காலனியைப் பற்றிக் கம்பெனியின் ஆண்டறிக்கையில் ஒரு பக்கம் இருக்கிறது. 'குடும்பங்கள் மகிழ்ச்சியுடன் குடியேறி இரண்டாண்டுகள்' என்று அதற்குத் தலைப்பு வைத்தது நான். இரண்டு வருடம் சமைத்த அடுப்பில் ஸ்டிக்கர் எப்படி இருக்கும்?

சின்ன விஷயமாகத்தான் இருக்கும். ஆனாலும் யோசித்து எழுதுங்கள். போனில் வேண்டாம். என்னிடம் இருப்பது கம்பெனி கொடுத்த போன்.

யுவராணி

*

மரக்காணம்
15 ஜூலை 2025

அன்புள்ள யுவராணிக்கு,

எத்தனை படித்தாலும் சந்தேகம் போகாது போலிருக்கிறது. ஸ்டிக்கர் இருந்தது. ஒரு வீட்டில் மட்டும் இல்லை, நான் போன எல்லா வீட்டிலும். பளபளவென்று பிளாஸ்டிக் காகிதம், ஓரம்கூடப் பிரியவில்லை. அந்த ஊர்ப் பெண்கள் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். நம் வீட்டு டிவி ரிமோட்டுக்கு நீதானே பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமல் ஐந்து வருடம் வைத்திருந்தாய்?

கேட்டதற்கு இன்னும் ஒன்று சொல்கிறேன். உப்புக் கையைக் கழுவலாம் என்று ஒரு வீட்டில் குழாயைத் திருகினேன். காற்றுதான் வந்தது. முறைத் தண்ணீராக இருக்கும் என்று பேன்ட்டில் துடைத்துக்கொண்டேன். நமக்குத் தெரியாத முறைத் தண்ணீரா? உப்பு ஜாடி எங்கே என்று தேடினேன், இல்லை. சரி, அவர்கள் பாக்கெட் உப்பு வாங்குகிறவர்கள் என்று அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன்.

இதை எழுதும்போது எனக்கே என்னவோ போல இருக்கிறது. ஆனால் நாலு அதிகாரிகள் கூட வந்தார்கள், நீ இருந்தாய். இத்தனை பேர் சேர்ந்து ஒரு ஊரையே பொய்யாகக் காட்ட முடியுமா என்ன? டென்ட் கொட்டகை கட்டினால்கூட மூன்று நாளில் சாயம் வெளுத்துவிடும்.

இங்கே எல்லாரும் கிளம்பும் யோசனையில் இருக்கிறார்கள். புதுக் காலனியில் ஆடு வளர்க்கக் கூடாதாம். திரௌபதி ஆட்டையெல்லாம் விற்றுவிட்டாள். ஐயப்பன் மழைக்கு முன்னால் கூரை மாற்றுவதாக இருந்தவன், "எதுக்குண்ணா வீண் செலவு, அதான் போறோமே" என்று விட்டுவிட்டான். எல்லாம் உன் அப்பன் பேச்சுக்கு மரியாதை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறேன், ஸ்டிக்கர் இல்லாமல்.

அப்பா

*

புவனேஸ்வர்
24 ஜூலை 2025

அப்பா,

ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் போனேன். பஸ்ஸில் ஏறி, அப்புறம் ஒரு ஷேர் ஆட்டோ, கொஞ்ச தூரம் மழையில் நடை. காலனி வாசலில் வாட்ச்மேன் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "இன்றைக்கு விருந்தாளிகள் யாரும் இல்லையே மேடம்" என்றார்.

அப்பா, அங்கே யாரும் இல்லை. எல்லா வீடும் பூட்டியிருந்தது. ஒரு நாய்கூட இல்லை. நாம் போன அன்றைக்குக் கோலம் போட்டிருந்த வாசலில் புல் முளைத்திருந்தது. நான் பின்பக்கமாகப் போய் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

நீங்கள் வைத்த முடிச்சு அப்படியே இருந்தது. பழைய வேட்டியைக் கிழித்து அம்மா கட்டிக் கொடுத்த முடிச்சு. ஈரக் காற்றுக்கு உப்பு கரைந்து, துணி நனைந்து, அலமாரியிலிருந்து சுவர் வழியாகத் தரை வரைக்கும் வெள்ளையாக ஒழுகியிருந்தது. அடுத்த வீட்டிலும் அப்படியே. அதற்கடுத்த வீட்டிலும். நான் அதற்கு மேல் பார்க்கவில்லை.

சுரங்கக் கழிவு தேங்கும் சிவப்புக் குட்டை ஒன்று இருக்கிறது. அதற்குப் பின்னால்தான் அந்த ஊர் ஜனங்கள் இருக்கிறார்கள், நீல தார்ப்பாய்க்கு அடியில். பச்சைப் புடவை அம்மாவைப் பார்த்தேன். அன்றைக்குக் கட்டியிருந்தது அவர் புடவை இல்லை. விருந்தாளிகள் வரும் நாளில் கம்பெனி பஸ் வந்து கூட்டிப் போகும், புடவை கொடுப்பார்கள், யார் எந்த வாசலில் நிற்பது என்று சொல்லிவிடுவார்கள். சாயங்காலம் புடவையைத் திருப்பி வாங்கிக்கொண்டு வீட்டைப் பூட்டிவிடுவார்கள். அந்த வீடுகளில் குழாய் இருக்கிறது, தண்ணீர் இல்லை. சுரங்கத்துக்காகக் கம்பெனி மலையைத் தோண்டிய பிறகு ஊற்று நின்றுவிட்டதாம். தண்ணீர் வரட்டும், சாவி தருகிறோம் என்று இரண்டு வருடமாகச் சொல்கிறார்கள்.

அவர்கள் பாஷை எனக்குத் தெரியாது, ஹிந்தி தெரிந்த பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி நடுவில் இருந்து பேசினாள். அந்த அம்மா முதலில் கேட்டது உங்களைத்தான். உப்பு கொண்டுவந்த பெரியவர் நன்றாக இருக்கிறாரா என்று. அன்றைக்கு அவரிடம் என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்டேன்.

"உப்பை உள்ளே வைக்காதீர்கள், வெளியே வையுங்கள், இந்த வீட்டைப் பூட்டிவிடுவார்கள், எடுத்துப்போக விடமாட்டார்கள். எங்களுக்கு உப்பு வேண்டும்." இதுதான் அவர் சொன்னது.

மேனேஜர் அதை ஹிந்தியில் 'தெய்வம் வந்த மாதிரி' என்றார். நான் தமிழில் உங்களிடம் சொன்னேன்.

யுவராணி

*

மரக்காணம்
31 ஜூலை 2025

யுவராணி,

உன் கடிதத்தை உப்பளத்து வரப்பில் நின்று பிரித்தேன். படித்து முடித்த பிறகு எந்தப் பக்கம் வீடு என்று தெரியவில்லை. நாற்பது வருடமாக நடக்கிற வரப்பு.

உன் அம்மா கேட்டாள், "புள்ள என்னா எழுதியிருக்குது?" நல்லா இருக்கிறாளாம் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தாள். சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான். "அப்போ நான் கட்டிக் குடுத்த உப்பு யாருக்கும் ஆவலையா?"

தமாஷாக ஏதாவது எழுதலாம் என்று பார்க்கிறேன், வரவில்லை. என் பேன்ட்டில் ஸ்டிக்கர் இருந்ததை ஊரே பார்த்துச் சிரித்தது. சின்னப் பிள்ளைக்குக்கூட அர்த்தம் தெரியும்: புதுசு, இன்னும் போடவே இல்லை. அடுப்பில் இருந்த அதே ஸ்டிக்கரை நான் கிட்ட நின்று பார்த்தேன், தொட்டும் பார்த்தேன், என்ன சுத்தம் என்று மைக்கில் சொன்னேன்.

இன்று காலையில் திரௌபதி எதிரில் வந்தாள். "ண்ணா, புது வூட்ல அடுப்பு எந்தப் பக்கமா வச்சிருக்கான்?" என்று கேட்டாள். கிழக்கு என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவளுக்கு இப்போது ஆடு இல்லை. ஐயப்பன் கூரையில் வானம் தெரிகிறது, ஐப்பசி மழைக்கு என்ன பண்ணுவான்? நாளைக்கு எங்களையும் பஸ்ஸில் ஏற்றிப் புடவை வேட்டி கொடுத்து வாசலில் நிற்க வைப்பார்களா? எங்களைப் பார்க்க எந்த ஊர்க்காரன் வருவான்? அவனும் ஏதாவது கொண்டுவருவானா?

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. நீ ஏம்மா அன்றைக்கு அடுப்படிக்குள் வரவில்லை? உனக்கென்றால் ஒரு பார்வையில் தெரிந்திருக்கும்.

ஆகஸ்ட் பதினைந்து கிராம சபை. நான் எழுந்து சொன்னால் உன் வேலை என்ன ஆகும்? சொல்லாவிட்டால் நான் என்ன ஆவேன்?

அப்பா

*

புவனேஸ்வர்
7 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

ஏன் வரவில்லை என்று கேட்டீர்கள். உங்கள் பேன்ட்டில் இருந்த ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. மேனேஜர் அதைப் பார்த்துவிட்டாரா, பக்கத்தில் நிற்கிறவர் சிரிக்கிறாரா, இதுதான் யோசனை. நீங்கள் மூட்டையோடு ஒவ்வொரு வீடாக உள்ளே போகப் போக, இந்த மனிதரை எனக்குத் தெரியாது என்பது போல வாசலில் தள்ளி நின்றேன். ஒரு வீட்டுக்குள் வந்திருந்தாலும் போதும். வரவில்லை.

என் வேலையைப் பற்றி யோசிக்க வேண்டாம். நான் பார்த்ததை எல்லாம் எழுதி மேலிடத்துக்கு அனுப்பிவிட்டேன், வெளிநாட்டுத் தலைமை அலுவலகத்துக்கும் சேர்த்து. கூப்பிடும்வரை அலுவலகம் வர வேண்டாம் என்று பதில் வந்தது. அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நீங்கள் பேச வேண்டும் அப்பா. ஆனால் ஒரு கண்டிஷன். 'கம்பெனிக்காரன் ஒருத்தன் சொன்னான், நம்பிட்டேன்' என்று பூசி மெழுகக் கூடாது. யுவராணி சொன்னாள் என்று என் பெயரைச் சொல்லுங்கள். அந்த அம்மா உப்பு கேட்டார். அதைத் தெய்வம் என்று தமிழில் சொன்ன வாய் என்னுடையது. எனக்கும் தெரியாது என்பது வேறு. தெரிந்துகொள்ள நான் முயற்சி பண்ணவில்லை. நீங்கள் என்னை மறைத்தால் திரௌபதி அத்தை முகத்தை நான் அப்புறம் எப்படிப் பார்ப்பேன்?

போன வாரம் சந்தையில் உப்பு வாங்கிக்கொண்டு மறுபடி அங்கே போனேன். தார்ப்பாய்க்குள் கொண்டுபோய்க் கீழே வைத்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக் கையிலேயே வாங்கிக்கொண்டார். அவர்களுக்கு நம் வழக்கம் இல்லை.

யுவராணி

*

மரக்காணம்
16 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மகள் யுவராணிக்கு,

நேற்று கிராம சபைக்கு அந்தப் பேன்ட்டையே போட்டுக்கொண்டு போனேன். உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்ததும் எழுந்தேன். கம்பெனி ஆள் ஒருவர் முன்வரிசையில் நாற்காலியில் இருந்தார்.

"பஸ் ஸ்டாண்டு பேனர எல்லாரும் பாத்தீங்களா?" என்றேன்.

"பாத்தோம் முப்பத்தாறு, ஒக்காரு" என்று பின்னால் ஒரு குரல். சிரிப்பு.

"அதுல என் கால்ல ஒட்டிக்கினு இருக்குதே ஸ்டிக்கரு, அதுக்கு என்னா அர்த்தம்?"

"கடையிலேர்ந்து நேரா போட்டுக்கினு வந்துட்டன்னு அர்த்தம்" என்றான் ஐயப்பன். மறுபடி சிரிப்பு. சிரித்து முடிக்கட்டும் என்று நின்றேன்.

"அங்க அடுப்பு எல்லாத்துலயும் அதே மாதிரி ஸ்டிக்கர் இருந்துச்சு. ரெண்டு வருசமா குடியிருக்கிற வூடுன்னு சொன்னாங்க. நான் பாத்தேன். பாத்துட்டு வந்து உங்ககிட்ட சுத்தம்னு சொன்னேன்."

முதலில் ஒருவருக்கும் ஏறவில்லை. பெண்கள் பக்கம்தான் முதலில் அமைதியானது. அடுப்பு அவர்களுக்குத்தானே தெரியும். அப்புறம் அந்த அமைதி அப்படியே முன்னால் வந்தது. நான் பூட்டிய வீட்டைச் சொன்னேன், சிவப்புக் குட்டையைச் சொன்னேன், திருப்பி வாங்கிக்கொள்ளும் புடவையைச் சொன்னேன். உப்பு ஒழுகினதைச் சொல்லும்போது ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். கம்பெனி ஆள் எழுந்து, "ஏற்கெனவே நீங்க சம்மதம் குடுத்தாச்சு, அது மேல போயிடுச்சு" என்றார். "மேல போனது கீழ வராதா?" என்று யாரோ கேட்டார்கள்.

சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாகத் தீர்மானம் எழுதினார்கள். நாலு பேர், சொல்லாமல் கொள்ளாமல், அந்த ஊருக்குப் போய்ப் பார்த்து வருவது என்றும் எழுதினார்கள். அந்தத் தீர்மானம் எந்த மேஜை வரைக்கும் போகும் என்று எனக்குத் தெரியாது. ஐயப்பன் மட்டும் இன்றைக்குக் காலையிலேயே ஓலை பார்க்கக் கிளம்பிவிட்டான்.

திரௌபதி கையெழுத்துப் போடவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். என் பேச்சைக் கேட்டு ஆட்டை விற்றவள். அவளுக்குக் கேட்க உரிமை இருக்கிறது.

"தெய்வம் வந்த மாதிரின்னு அந்தப் பொம்பள சொன்னதா அன்னிக்குச் சொன்னியேண்ணா. அத உனக்குத் தமிழ்ல சொன்னது யாரு?"

நீ எழுதியதை அன்று காலையில் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். சொல்லத்தான் எழுந்தேன். "கம்பெனிக்காரங்க ஒருத்தவங்க" என்றேன்.

"சரி. பூட்டின வூட்ட ஜன்னல் வழியா பாத்துட்டு வந்து உண்மைய சொன்னது யாரு?"

"தெரிஞ்சவங்க."

அவள் என்னையே பார்த்தாள். நீ பிறந்தபோது உன்னை முதலில் கையில் வாங்கியவள் அவள்தான். நீ ஒடிசாவில் யாரிடம் வேலை பார்க்கிறாய் என்று டீக்கடை வரைக்கும் தண்டோரா போட்டவன் நான்தான். எல்லாருக்கும் தெரியும். திரௌபதி பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஒக்காருண்ணா, கால் வலிக்கப்போவுது" என்றாள்.

உட்கார்ந்தேன். நீ நான்காம் வகுப்பில் ஓட்டப்பந்தயத்தில் மூன்றாவதாக வந்ததைக்கூட ஊரெல்லாம் சொன்ன வாய் இது. அவள் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே பெயர். முதல் கேள்விக்குச் சொல்ல மனசு வரவில்லை. அதனால் இரண்டாவதற்கும் சொல்ல முடியாமல் போனது.

அங்கே சொல்லாததை இங்கேயாவது எழுதிவிடுகிறேன்: எம் பொண்ணுதான் போய்ப் பாத்தா, எம் பொண்ணு.

அப்பா